கண்ணாடிப் பெட்டியில் ஒரு வாய்ப்பு

வாசல் காவலாளி குச்சியை மேலும் கீழும் பார்த்தார். அவனிடம் பார்ப்பதற்கு மேலும் கீழும்தான் உண்டு, பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

"இங்க படிக்கிறியா?"

"படிச்சேன் சார். ரெண்டு வருஷம். அப்புறம் நானும் யுனிவர்சிட்டியும் மனசு ஒத்துப் பிரிஞ்சிட்டோம்."

பின்னால் வந்த அக்கா, அவன் வாயிலிருந்து அடுத்தது வருவதற்குள் தன் அட்டையை நீட்டினாள். தனியார் துப்பறிவாளர் என்று போட்டிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் போடுபவர்களைக் கண்டுபிடிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவள் அவள். ஒருநாள் மேலதிகாரியின் மைத்துனனையே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தாள். வேலை போனது. அன்றிலிருந்து சொந்தத் தொழில். குச்சி அவளுக்கு உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் வாய்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கண்ணாடிப் பெட்டிதான். 'வரவிருக்கும் நிகழ்ச்சிகளும் வாய்ப்புகளும்' என்று மேலே பெரிய எழுத்து. உள்ளே புகைப்படங்களில் துணைவேந்தர் மரம் நடுகிறார், துணைவேந்தர் தண்ணீர்த் தொட்டி திறக்கிறார், துணைவேந்தர் நட்ட மரத்துக்குத் திறந்த தொட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார். எல்லாம் முடிந்துபோன நிகழ்ச்சிகள். வாய்ப்பு என்று ஒன்றுகூட இல்லை. குச்சி படித்த காலத்திலும் இப்படித்தான். எந்தக் கூட்டமானாலும் அவனுக்குத் தெரிய வந்தது கைதட்டல் சத்தம் கேட்ட பிறகுதான். நினைத்தால் இன்னும் வயிறு எரியும்.

வழக்கு இதுதான். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடம் வருடத்துக்கு ஒரே ஒரு மாணவரை இங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு வருடப் பயிற்சி, செலவு முழுக்க அவர்களுடையது, முடித்தவருக்கு வேலை நிச்சயம். இந்த வருடம் விண்ணப்பம் போட்டவர்கள் இரண்டே பேர். ஆராய்ச்சிக்கூடம் மதிப்பெண்ணைப் பார்த்து, வேதியியல் படிக்கும் ஒரு பெண்ணை எடுத்தது. முடிவு வந்த கையோடு விடுதியில் புகைச்சல் கிளம்பியது. இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே யாருக்கும் தெரியாதே, நோட்டீஸ் எங்கே? அவளோடு ஒரே அறையில் இருக்கும் தோழி, அவளுடைய புத்தகத்துக்குள் அந்த நோட்டீஸைக் கண்டெடுத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். போட்டிக்கு ஆள் வரக் கூடாதென்று எல்லாப் பலகையிலிருந்தும் நோட்டீஸைக் கிழித்தவள் இவள்தான் என்றது குற்றச்சாட்டு. மத்தியானம் விசாரணை. தோற்றால் வாய்ப்பும் போகும், படிப்பும் போகும், பெயரும் போகும்.

அந்தப் பெண்ணின் அண்ணன் நிர்வாகக் கட்டட வாசலில் நின்றிருந்தான். லேத் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் இருந்த கரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்திருந்தது. அவனுக்குப் பக்கத்தில் தங்கை.

"அம்மா போனதிலேர்ந்து நான்தான் மேடம் வளர்த்தேன். அடுத்தவங்க பென்சிலைக்கூட தொட மாட்டா. கிழிக்கிறதாவது!"

"நோட்டீஸ் உன்கிட்ட எப்படிம்மா வந்துச்சு?" என்று அக்கா பெண்ணைக் கேட்டாள்.

"ஹாஸ்டல் போர்டுக்குக் கீழ கிடந்துச்சு. எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"அப்படியா," என்றாள் அக்கா. அவள் அப்படியா என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். குச்சிக்கு அது தெரியும்.

மாணவர் நலத் தலைவர் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். பேச்சில் தேன் ஒழுகியது. மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்த நோட்டீஸ் இருந்தது. பக்கத்தில் நான்கு புகைப்படங்கள்.

"எங்க ஆபீஸ்ல ஆதாரம் இல்லாம ஒரு காரியமும் நடக்காதுங்க. பாருங்க. மெயின் கேட், லைப்ரரி, சயின்ஸ் பிளாக், ஹாஸ்டல். நாலு போர்டுலயும் நோட்டீஸ் போட்டு, போட்டோவும் எடுத்து, அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே அனுப்பியிருக்கோம்."

"படம் நல்லா விழுந்திருக்கு சார். போர்டு ஆடாம அசையாம நின்னிருக்கு," என்றான் குச்சி.

அக்கா அவனை முறைத்துவிட்டு உறையைக் கையில் எடுத்தாள். தாளின் அடியில் அலுவலக முத்திரை. மை காய்வதற்குள் யாருடைய விரலோ பட்டு இழுத்திருக்க வேண்டும். முத்திரையிலிருந்து வால் மாதிரி ஒரு நீலக் கறை ஓரம்வரை ஓடியது. அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்து நான்கு மூலைகளையும் பார்த்தாள். பிறகு புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குங்க?" என்றார் தலைவர். தேன் கொஞ்சம் குறைந்திருந்தது.

"நாங்களும் ஆதாரம் இல்லாம ஒரு காரியமும் செய்யறதில்லைங்க."

வெளியே வந்து படியிறங்கும்போது அக்கா கேட்டாள். "குச்சி, போர்டுல இருக்கற நோட்டீஸை யாருக்கும் தெரியாம கிழிக்கணும். நீ எப்படிக் கிழிப்பே?"

"ஒரே இழுப்பு. ஓட்டம்."

"மூலை என்ன ஆகும்?"

"மூலை ஊசியோட போர்டுலயே நிக்கும். மிச்சம் என்கூட ஓடி வரும்."

"இந்தத் தாள்ல நாலு மூலையும் முழுசா இருக்கு. கீழ கிடந்ததுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது, ஒரு செருப்புத் தடம்கூட இல்ல. ஆனா ஒவ்வொரு மூலையும் சல்லடையாட்டம் ஓட்டை. யாரோ குத்தியிருக்காங்க, நிதானமா ஊசியைக் கழட்டியிருக்காங்க, மறுபடி குத்தியிருக்காங்க."

"திருடனுக்கு ஏது அவ்வளவு நிதானம்?"

"அதான். ஊசியை நிதானமா கழட்டறது யாரு? அந்த ஊசி திரும்ப வேணும்ங்கறவன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, குச்சி அவள் கையைத் தட்டினான். எதிரே நூலகப் பலகைக்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். சட்டைக் காலர் நெடுக வரிசையாகக் குண்டூசிகள் மின்னின.

இருவரும் தூணோரம் ஒதுங்கினார்கள். குண்டூசிக்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்து, துணைவேந்தரின் மரத்துக்கு மேலேயே ஒரு தாளை வைத்து, காலரிலிருந்து ஊசி எடுத்து நான்கு மூலையிலும் குத்தினார். 'வேலைவாய்ப்பு முகாம்' என்று எட்டத்திலிருந்தே தெரிந்தது. இரண்டடி பின்னால் போய் ஒரு படம் எடுத்தார். திரும்பி வந்து நான்கு ஊசியையும் பிடுங்கிக் காலரில் செருகினார். தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அறிவியல் கட்டடத்தைப் பார்த்து நடந்தார். குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தவனுக்கு அப்படி ஒரு முகாம் இருப்பதே தெரிந்திருக்காது.

குச்சிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. கூடவே கோபமும் வந்தது. இரண்டு வருடம் தினமும் அந்தப் பெட்டியின் முன்னால் நின்று மரத்தையும் தொட்டியையும் வெறித்தவன் அவன்.

"அண்ணே, இப்பதானே மாட்டினீங்க?" என்று ஓடிப்போய் மறித்தான்.

"படம் எடுத்தாச்சே தம்பி."

"பசங்க எப்ப படிப்பாங்க?"

"அது என் வேலையில வராது." அவர் குரலில் வருத்தமும் இல்லை, கிண்டலும் இல்லை. "மாட்டு, படம் எடு, கழட்டு, அடுத்த போர்டுக்குப் போ. நோட்டீஸ்ல ஒரே ஒரு காப்பிதான் குடுப்பாங்க. மாட்டினதுக்கு அத்தாட்சி வேணும், அவ்வளவுதான். போர்டுல இடம் ஏது? அதான் பெரியவர் மரம் நட்டுட்டாரே."

"அப்ப வாய்ப்பெல்லாம் யாருக்குப் போகுது?" என்றாள் அக்கா.

"தெரிய வேண்டியவங்களுக்குப் போன்ல சொல்லிடுவாங்கம்மா. இந்த வருஷம் வெளிநாட்டுப் பயிற்சி நம்ம தலைவரோட அக்கா மகனுக்குன்னு பேச்சு. பையன் போட்டிக்கே ஆள் இல்லன்னு மெத்தனமா இருந்துட்டான்."

"ஆனா ஒரு பொண்ணு குறுக்க வந்துட்டா."

குண்டூசிக்காரர் அக்காவைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு படிக்கட்டின் மறைவுக்கு நகர்ந்து நின்றார்.

"ஹாஸ்டல்தான் கடைசி போர்டு. ஊசியைக் கழட்டிட்டு இருக்கேன், முதுகுக்குப் பின்னால 'அண்ணா, ஒரே நிமிஷம், படிச்சுக்கறேன்'னு ஒரு குரல். இத்தனை வருஷத்துல அப்படி ஒருத்தர் கேட்டதில்லம்மா. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. தாளையே கையில குடுத்துட்டேன். 'உன் கூட்டாளிங்க எல்லாருக்கும் காட்டு, அப்புறம் கிழிச்சுப் போட்டுடு'ன்னு சொன்னேன்."

"ரெண்டையும் செய்யலை," என்றான் குச்சி.

"ஆமா தம்பி. ரெண்டையும் செய்யலை."

விசாரணையில் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று அக்கா கேட்கவில்லை. அவரே பதில் சொன்னார். "சொன்னா அன்னிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்கம்மா. வீடும் இவங்க குடுத்த குவார்ட்டர்ஸ்தான். போறதுக்கு வேற இடம் இல்ல. அந்தப் பொண்ணு படிப்பு போகும்னா வந்து சொல்றேன். வேற வழி இருந்தா பாருங்க."

"வழி இருக்கு. உங்க பேர் வெளிய வராது. நான் வாக்குத் தரேன்," என்றாள் அக்கா. அவள் சாமானியத்தில் வாக்குக் கொடுப்பவள் இல்லை.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, நடந்ததையெல்லாம் அவளுக்கே சொன்னாள். பெண் மறுக்கவில்லை.

"அந்த மனுஷனைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் பொய் சொல்லியிருக்கா," என்றான் அண்ணன். அவன் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தீங்களா மேடம், நான் சொன்னேனே!"

"உள்ள யார் கேட்டாலும் அவர் பேரைச் சொல்லாதே. மிச்சத்தை அந்தத் தாளே சொல்லும். முடியுமா?" என்றாள் அக்கா.

"சொல்ல மாட்டேன் மேடம்."

குச்சியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "கூட்டாளிங்களுக்கு ஏம்மா காட்டலை? ஒரே ரூம்ல இருக்கறவகிட்டகூட."

அந்தப் பெண் அவனை நேராகப் பார்த்தாள். "அவளுக்கு என்னைவிட மார்க் அதிகம்."

அண்ணன் தன் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளே நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும், இரண்டு பேராசிரியர்களும். தலைவர் குற்றச்சாட்டைப் படித்தார். படித்து முடித்து, உறையிலிருந்த நோட்டீஸையும் நான்கு புகைப்படங்களையும் மேசை நடுவில் வைத்தார். அதைத்தான் அக்கா எதிர்பார்த்திருந்தாள்.

"சார், நாலு போர்டுல மாட்டினது நாலு நோட்டீஸா?"

"பின்னே?"

"இந்த முத்திரையில ஒரு வால் இருக்கு, பாருங்க. மை இழுத்திருக்கு." அக்கா முதல் புகைப்படத்தை நோட்டீஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது மெயின் கேட். இங்கயும் அதே வால்." இரண்டாவதை வைத்தாள். "லைப்ரரி. அதே வால்." மூன்றாவது. நான்காவது. "தாள் மூலையில இருக்கற ஓட்டையையும் எண்ணிப் பாருங்க. நாலு இடத்துல குத்துப்பட்ட ஒரே தாள் இது."

"ஒரே மாப்பிள்ளை நாலு கல்யாண போட்டோவுல நிக்கற மாதிரி இருக்கு சார்," என்றான் குச்சி. "பொண்ணு வீட்டுக்காரங்க விசாரிக்க மாட்டாங்களா?"

பேராசிரியர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை.

"நோட்டீஸ் எந்த போர்டுலயும் தங்கவே இல்லை," என்றாள் அக்கா. "போட்டோவுக்காக மாட்டி, போட்டோ எடுத்ததும் கழட்டியிருக்காங்க. இல்லாத நோட்டீஸை இந்தப் பொண்ணு எப்படிக் கிழிச்சிருக்க முடியும்? இந்தப் படங்களைத்தான் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அத்தாட்சியா அனுப்பியிருக்கீங்க. அவங்க கொஞ்சம் பெரிசாக்கிப் பாத்தா என்ன ஆகும்னு யோசிங்க."

தலைவர் புகைப்படங்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சீராக்கினார். தட்டி முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று குச்சிக்குத் தோன்றியது. முகத்தில் பழைய தேன் திரும்பியிருந்தது.

"நல்ல வேளை, கண்ணைத் திறந்தீங்க. தப்பு நடந்திருக்கு. எங்க நடந்திருக்குன்னுதான் பாக்கணும்." அவர் ஒரு கோப்பைத் திறந்து, அச்சடித்த ஆணை ஒன்றை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார். "உன்மேல ஒரு குத்தமும் இல்லம்மா. இது உன் பயிற்சி ஆர்டர். என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அந்தத் தாள் உன் கைக்கு யார் மூலமா வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடு."

"அது தேவையில்லாத கேள்வி," என்றாள் அக்கா.

"நான் உங்களைக் கேக்கலையே."

பெண் ஆணையைப் பார்த்தாள். தன் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பவள்போலப் பார்த்தாள். பின்னால் சுவரோரம் நின்ற அண்ணன், "வேணாம்மா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"குண்டூசி அண்ணன்," என்றாள் அவள். "அவர்தான் குடுத்தார். எல்லா போர்டுலேர்ந்தும் நோட்டீஸைக் கழட்டறது அவர்தான். நான் கண்ணால பாத்தேன்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் குச்சிக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருக்கலாம்.

"யார் சொல்லிக் கழட்டினார்னும் அவரைக் கேளுங்க," என்றாள் அக்கா.

"கேக்கலாம். அப்படி யாராவது உத்தரவு போட்டதா எழுத்துல இருக்கா?" தலைவர் பேராசிரியர்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, இருக்கவும் இருக்காது. "ஊழியர் கடமை தவறியிருக்கார். அவரால ஒரு நல்ல மாணவிக்குக் கெட்ட பேர். இன்னிக்கே நடவடிக்கை எடுத்துடலாம்." பேனாவை எடுத்து ஆணையில் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வாரம் உனக்கு ஒரு பாராட்டு விழா வைக்கணும்மா. துணைவேந்தரையே கூப்பிடலாம்."

"தேங்க்ஸ் சார்," என்றாள் பெண்.

வெளியே வந்ததும் அக்கா வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கு ஜெயித்துவிட்டது. கட்சிக்காரிக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. குச்சி ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

"நான் அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன்டா," என்றாள் அவள். "நானே போய்ச் சொல்றேன். இன்னொருத்தர் வாயால அவர் கேக்க வேணாம்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடிக்கொண்டு அலைந்தார்கள். அண்ணன்காரனும் கூடவே வந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை. தங்கை அலுவலகத்தில் ஆணைக்கு நகல் எடுக்க நின்றுவிட்டாள். மெயின் கேட் பலகையில் புதிதாக ஒரு நோட்டீஸ் இருந்தது. நூலகத்தில் ஒன்று, அறிவியல் கட்டடத்தில் ஒன்று. மை வாசனைகூடப் போகவில்லை. பெரிய எழுத்தில் பாராட்டு விழா, அதற்குக் கீழே அந்தப் பெண்ணின் புகைப்படம்.

குண்டூசிக்காரர் கடைசியாக விடுதிப் பலகையில் இருந்தார். துணைவேந்தரின் மரத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் நோட்டீஸைக் குத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றாள் அக்கா. "என்னால முடியலை."

"தெரியும்மா. பேப்பர் குடுத்துட்டாங்க." அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "போறதுக்கு முன்னாடி இதை மாட்டிட்டுப் போகச் சொன்னாங்க. இந்தத் தடவை நாலு காப்பி குடுத்திருக்காங்க."

பின்னால் நகர்ந்து படம் எடுத்தார். திரும்பி வந்தார். பழக்கதோஷத்தில் கை தானாக மேல் ஊசியைப் பிடித்தது. பிடித்தபடியே ஒரு கணம் நின்றது.

"கழட்டலையாண்ணே?" என்றான் குச்சி.

"இதைக் கழட்டக் கூடாதாம் தம்பி. விழா முடியறவரைக்கும் இருக்கணுமாம்." கையை எடுத்துக்கொண்டார். காலரில் ஒரு ஊசிகூட மிச்சமில்லை.

அண்ணன்காரன் முன்னால் வந்தான். கும்பிட்டானா, கையைப் பிடிக்க வந்தானா தெரியவில்லை. கை பாதியில் நின்றுவிட்டது. "மன்னிச்சிடுங்க. நான்தான் வளர்த்தேன். அவ இப்படி..."

"நீங்க என்ன பண்ணுவீங்க? கெட்டிக்காரப் பொண்ணுங்க." குண்டூசிக்காரர் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். "நான் வந்ததிலேர்ந்து எத்தனையோ பசங்களைப் பாத்துட்டேன். இந்த இடத்தை இவ்வளவு சீக்கிரம் யாரும் கத்துக்கிட்டதில்ல."

விடுதிக்குள்ளிருந்து நாலைந்து பெண்கள் வந்து பலகை முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன்காரன் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். தங்கை இருந்த கட்டடத்தின் பக்கம் திரும்பாமல், வாசலைப் பார்த்து நடந்தான்.